கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேள்வியாகவே எழுதாத ஒன்றிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சையும் ஆறு முறை கீமோதெரபியும் முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், கடைசிப் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்றும் விரிவாக எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஒற்றை வரியில், மூன்று வாரமாக வயிறு உப்புசமாக இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரியை எழுதத்தான் நீங்கள் பேனாவை எடுத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

மாத்திரையை நிறுத்துங்கள். அடுத்த மாதத் தவணை வரை காத்திராமல், இந்த வாரமே உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்குப் போய், என்ன நடக்கிறது என்பதை அப்படியே சொல்லுங்கள். உடனே அங்கே போக முடியாவிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அந்த அறிக்கையோடு போகலாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் ரத்தம் வழியாகத் தொலைவுக்குப் போவதைவிட, வயிற்றறையின் உள்சவ்வில் விதை தூவியதுபோலப் பரவும் இயல்புடையது. ஆகவே அது திரும்பினால் முதலில் காட்டிக்கொடுப்பது கட்டியோ ரத்தப்போக்கோ அல்ல. எல்லா வீடுகளிலும் எல்லோருக்கும் வருகிற சாதாரணத் தொல்லைகள்தாம்: வயிறு உப்புதல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ விடாத வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல். முதல் தடவையும் கேஸ் என்று நினைத்தே மூன்று மாதம் போயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய் வந்து குணமானவர்களுக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: முன்பு இல்லாத ஒரு தொல்லை புதிதாகத் தோன்றி, பெரும்பாலான நாட்களில் இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு அந்தக் கணக்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது.

இது நோய் திரும்பியதன் அடையாளம்தானா என்று கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வயிற்றில் பெரிய அறுவை நடந்தவர்களுக்குக் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாலும், மலச்சிக்கலாலும் இதே உப்புசம் வருவதுண்டு. ஆனால் உங்களிடம் பொய் சொல்லவும் எனக்கு மனமில்லை. உங்களுடையதுபோல மூன்றாம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட சினைப்பைப் புற்றுநோய் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். அப்படி வந்தால் எல்லாம் முடிந்துபோயிற்று என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான் தவறு. கீமோதெரபியில் கொடுக்கும் பிளாட்டினம் வகை மருந்தின் கடைசித் தவணைக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பும் நோய், பெரும்பாலும் அதே வகை மருந்துக்கு மீண்டும் கட்டுப்படுகிறது. சிலருக்கு மறுபடியும் அறுவை செய்து கட்டியை முழுவதும் நீக்க முடிகிறது. சிலருக்குச் சிகிச்சை முடிந்த பின் தினமும் விழுங்கும் மாத்திரைகள் நோயை நெடுநாள் அடக்கி வைக்கின்றன. இடையிடையே சிகிச்சை பெற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சமையலும் சந்தையும் பிள்ளைகளின் காரியமுமாக வாழ்கிற பெண்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரு நிலையில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வயிறு விட்டுவிட்டுப் பிசைந்து வலித்து, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் போகாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதையும் வீட்டில் முயலாமல், இரவானாலும் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், படுத்தால் மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

இந்த நோயைக் கண்காணிக்க உதவும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொல்லாமலேயே மாதந்தோறும் ஆய்வகத்தில் செய்து, 11 இருந்தது 17 ஆகிவிட்டது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 35 வரை இயல்பான அளவாகவே கொள்ளப்படுகிறது. அதற்குள் ஏறி இறங்கும் ஒற்றை எண்ணை வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. 2010ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், அறிகுறி எதுவும் இல்லாதபோது இந்த எண் உயர்ந்ததை மட்டும் பார்த்துக் கீமோதெரபியைத் தொடங்கியவர்கள், அறிகுறி வந்த பின் தொடங்கியவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. அவர்களுடைய அன்றாட வாழ்க்கைதான் சீக்கிரமே சிரமத்துக்கு உள்ளாயிற்று. அதோடு, எண் இயல்பாக இருக்கும்போதே நோய் திரும்புவதும் உண்டு. காகிதத்தில் இருக்கும் எண்ணுக்காகத் தூக்கத்தை இழந்துவிட்டு, மூன்று வாரமாக வயிறு சொல்வதை மாத்திரையால் அடக்குவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மருத்துவமனை சொல்லும் தவணையில் மட்டும் அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

இனி, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஊரில் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் என்று மட்டுமே சொல்லி வைத்திருக்கிறீர்கள். நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பேசுவார்கள் என்பது உங்கள் பயம். இது கற்பனைப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்களில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்குச் சொல்லாமலிருப்பது வேறு, கணவருக்கும் மகளுக்கும் மறைப்பது வேறு. ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. வீட்டுக்குள் மறைப்பதோ உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. மகளுக்குத் தெரிய வேண்டிய ஒன்றையும் அவளிடமிருந்து ஒளிக்கிறது.

மகளுக்கும் வருமா என்ற கேள்விக்கு விடை தேட வழி இருக்கிறது. இந்த நோய் வந்த பெண்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு பி.ஆர்.சி.ஏ. எனப்படும் மரபணுக்களில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருக்கும். மற்ற பெரும்பாலானவர்களுக்கு இராது. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர் மகள் அல்ல, நீங்கள். உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லையென்றால் மகளைப் பற்றிய கவலையில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும். இருந்தால், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகளுக்கு வந்திருந்தால்கூட அது நோய் அல்ல. மார்பகப் பரிசோதனைகளை இளவயதிலேயே தொடங்கி, குழந்தைகள் பெற்று முடித்த பின், 35 முதல் 45 வயதுக்குள் கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதன் மூலம் ஆபத்தைப் பெருமளவு குறைக்க முடியும். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இன்றுவரை இல்லை என்பதால்தான் இந்த யோசனை. இதே பரிசோதனை உங்கள் சிகிச்சைக்கும் உதவும். நான் முன்பு சொன்ன தினசரி மாத்திரைகள் யாருக்கு அதிகம் பலன் தரும் என்பதையும் இது காட்டும். திருவனந்தபுரத்துக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்.

உள்ளங்கால் மரத்துப்போய், பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருப்பது கீமோதெரபியில் கொடுத்த பாக்ளிடாக்சல் மருந்தின் விளைவு. மாதக்கணக்கில் மெல்லக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் நிலைத்துவிடும். வலியும் எரிச்சலும் தூக்கத்தைக் கெடுத்தால் அதற்கு மருந்து உண்டு, மருத்துவர் எழுதித் தர வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் நரம்பு மாத்திரைகளில் பி6 வைட்டமின் கூடுதலாக இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்துவருவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். புற்றுநோயை அது குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் எதுவும் இல்லை. மாறாக, கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் உட்கொண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற ஒரு நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அந்தச் செடியில் நரம்பைத் தாக்கும் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது. ஏற்கெனவே நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இதைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் உச்சி வெயிலில் கடல் மணலிலோ, மீன் முள் கிடக்கும் இடத்திலோ செருப்பில்லாமல் நடக்காதீர்கள். கால் வைப்பதற்கு முன் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். இரவில் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படுங்கள்.

சினைப்பைகளை எடுத்துவிட்டதால் மாதவிடாய் ஒரே நாளில் நின்று, உடல் திடீரெனச் சூடாகி வியர்க்கிறது. ஹார்மோன் மாத்திரை இந்த நோய் வந்த எல்லோருக்கும் தடை அல்ல. ஆனால் உங்கள் கட்டியின் வகையை அறிந்த மருத்துவர்தான் அதை முடிவு செய்ய முடியும். நாற்பத்தேழு வயதிலேயே ஹார்மோன் நின்றுவிட்டதால் எலும்புத் தேய்மானம் சீக்கிரம் தொடங்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், தினமும் நடங்கள், நெத்திலியையும் சாளையையும் முள்ளோடு மென்று தின்னுங்கள்.

மற்றவை உங்கள் கவலைக்கே தகுதியற்றவை. முடி சுருட்டையாக முளைப்பது இயல்பு. மீனும் மரச்சீனியும் கருப்பட்டிக் காப்பியும் நோயை வளர்ப்பதில்லை. உப்புசம் தீரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள், அவ்வளவுதான். கணவருடன் சேர்ந்திருப்பதால் இந்த நோய் அவருக்கு ஒட்டாது. வறட்சியும் வலியும் இருந்தால் அதற்கான களிம்பு உண்டு, பெண் மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும் அதிலுள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் உண்மை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இப்படித்தான். அங்கு மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் புற்றுநோய் கூடுவதாகக் காணவில்லை. மணல் எடுப்பது குறித்து ஊருக்கு உள்ள கவலைகள் தனி. நோய்க்குப் பயந்து வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகும் யோசனையைக் கைவிடுங்கள்.

பரிசோதனைக்கு முந்தின வாரம் தூக்கம் வருவதில்லை, இதை யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கணவரிடம். அடுத்து, உங்களோடு கீமோதெரபி வார்டில் இருந்து, இன்றும் கைப்பேசியில் பேசுகிற அந்த மார்த்தாண்டத்துப் பெண்ணிடம். இந்த வழியில் நடந்து வந்த ஒருவர் தரும் துணையை என்னைப் போன்ற மருத்துவர்களால் தர இயலாது. உங்கள் ஆலயத்தின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவான அன்பியத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பெண் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். கூட்டத்தில் அறிவிக்க வேண்டியதில்லை, மருத்துவமனைக்குப் போகும் நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருவராக அவர் இருக்கட்டும். மனம் தாங்காத இரவில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வலி தணிப்புச் சிகிச்சை என்றதும் சாகப்போகிறவர்களுக்கானது என்று ஒதுங்க வேண்டாம். கால் எரிச்சல், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் கவனிப்பதும் அவர்கள் வேலைதான். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா இந்தப் பணியைத்தான் செய்து வருகிறது.

இந்த வாரம் போகும்போது அறுவை அறிக்கை, கீமோதெரபி அட்டை, இதுவரை எடுத்த ரத்த அறிக்கைகள், நீங்களாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை இருக்கிறது. அதற்கான சான்றிதழை மருத்துவமனையிலேயே தருவார்கள். துணைக்கு வரும் ஒருவருக்கும் அந்தச் சலுகை உண்டு. கணவர் கடலுக்குப் போகும் நாளாக இருந்தால் மகளை அழைத்துக்கொண்டு போங்கள்.