கதை தெரியும், வாசிக்க வரவில்லை: ஒரு வழி

வணக்கம் டீச்சர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டி வடை சுட்ட கதையைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், ஆனால் ஒரு சொல்லில் விரல் வைத்துக் கேட்டால் விழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கதையை மாற்ற வேண்டாம். தெரிந்த கதைதான் வசதி. பொருள் ஏற்கெனவே புரிந்திருப்பதால் கவனத்தை எழுத்தின் பக்கம் திருப்பலாம்.

கரும்பலகையில் ‘காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது’ என்று எழுதுங்கள். மறுநாள் ‘வ’வை மட்டும் அழித்து ‘க’ போடுங்கள். காக்கா கடையையே தூக்கிக்கொண்டு பறக்கும்! எழுத்தைப் பார்க்கிற பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ‘வடையை’ என்றே போய்க்கொண்டிருப்பார்கள். யாருக்கு உங்கள் உதவி வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் குடை, சடை, விடை என்று அவர்களையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஐகாரக் குறி நன்றாகப் பதியும். கெ, கொ குழப்பத்தை இதோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனி நாள் வேண்டும்.

நரி பேசும் வரியை மட்டும் வண்ணச் சாக்பீஸில் எழுதி, தினம் ஒரு பிள்ளை நரியாக வாசிக்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு முதலில் காக்காவின் ‘கா, கா’ போதும்.