இப்போதைக்கு மைக் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் தருபவர், மத்திய சிறையொன்றில் 22 ஆண்டுகள் தையல் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரியில் வசிக்கிறார்.)

கேள்வி: ஐயா, என் கொழுந்தனார் குடிபோதையில் பக்கத்து நிலத்துக்காரரின் கையை வெட்டிவிட்டு, 7 வருடம் சேலம் சிறையில் இருந்தார். போன மாதம் விடுதலையாகி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே ஜெபக் கூட்டத்துக்குப் போய் மனம் திரும்பிவிட்டதாகச் சொல்கிறார். விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிக்கிறார். அடுத்த மாதக் கன்வென்ஷனில் (சபைப் பெருங்கூட்டத்தில்) மேடையேறி, தான் மனம் மாறிய கதையைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லிச் சபையில் கேட்கிறார்கள். எனக்கு வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள். அவரை நம்பலாமா?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, பயப்படுவது விசுவாசக் குறைவு இல்லை. மகள் படுக்கிற அறைக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள். அவரிடம் சொல்லிவிட்டே போடுங்கள். மாறியவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் தையல் பிரிவில் மாலை லாக்கப்புக்கு முன்னால் கத்தரிக்கோல், ஊசி, பிளேடு எல்லாம் எண்ணி வைப்போம். ஒருநாள் பாதி பிளேடு ஒன்று குறைந்தது. பிளாக் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. 11 நாள் கழித்து, ஞாயிறு வேதபாடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் அதைச் செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "நான்தான் சார் எடுத்தேன்" என்றான். பிரித்துப் பார்த்தேன். பிடிக்கிற பக்கம் வெள்ளை நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. முடிச்சு நான் கற்றுக்கொடுத்த முடிச்சு.

அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது, எழுதினேன். அவனுக்குத் தண்டனைக் குறைப்பு நாட்கள் போயின. கொஞ்ச நாள் மனுவும் நிறுத்தப்பட்டது. சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதைத்தான் மனு என்போம், உங்களுக்குத் தெரியாததா? விவரம் தெரியாமல் அரூரிலிருந்து பஸ் ஏறி வந்த அவன் அம்மா, கேட்டிலிருந்தே திரும்பிப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் அவன் வேதபாடத்துக்குப் போனான். திங்கட்கிழமை வந்து மிஷினில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது.

உங்கள் கொழுந்தனார் வந்து ஒரு மாதமாகிறது. வெட்டுப்பட்டவர் கை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டாரா? லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரி வசூலிக்கிற சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு நின்றான். இயேசுவைப் பார்க்க அவன் ஏறிய காட்டத்தி மரத்தின் பெயரைத்தான் 'சைக்கமோர் ட்ரீ' என்று, சிறை ஊழியம் செய்கிற பிரிசன் பெலோஷிப்காரர்கள் தங்கள் வகுப்புக்கு வைத்திருக்கிறார்கள். குற்றம் செய்தவர்களும், வேறு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிற வகுப்பு அது. அதற்காக இவரே நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. அவர்கள் மிரண்டுவிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை முதலில் அனுப்பிக் கேளுங்கள். முகத்தில் முழிக்க மாட்டோம் என்றால் அது அவர்கள் உரிமை. சம்பாதித்ததில் மாதம் 500 ரூபாயாவது அவர்களுக்கென்று எடுத்து வைக்கட்டும்.

கன்வென்ஷன் மேடை வேண்டவே வேண்டாம், குறைந்தது ஒரு வருடத்துக்கு. வெளியே வந்த இரண்டே மாதத்தில் மைக் பிடித்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் அவருடைய பழைய பாவம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. கூட்டம் அதைத்தான் கேட்க வந்தது. பழைய ஆளைப் பற்றியே பேசிப் பேசி, கடைசியில் பழைய ஆளாகவே குடிக்கப் போய்விட்டார். அவரை மேடையேற்றியவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் ஊரில் மாங்கூழ் ஃபேக்டரிகள் இருக்கின்றன. சபையார் அங்கே யாரிடமாவது பேசி அவருக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் துணைக்கு, குடியை விட்ட ஒருவர் கூட இருக்கட்டும்.

கேள்வி: சீக்கிரம் வெளியே வருவதற்காகத்தானே சிறையில் 'இயேசு' என்கிறார்கள்? மாறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: தம்பி, மதம் மாறினால் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையாது. ஆனால் நடிப்பவர்கள் உண்டு, பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த சார்லஸ் கோல்சன், 1974-75-இல் 7 மாதம் சிறையில் இருந்தவர். 1976-இல் பிரிசன் பெலோஷிப்பைத் தொடங்கினார். அவர்கள் டெக்சாஸ் சிறையில் 1997-இல் ஆரம்பித்த வேதாகமப் பயிற்சியைப் பற்றி 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. பயிற்சியை முடித்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் திரும்பச் சிறைக்குப் போனவர்கள் 8 சதவீதம். சேராதவர்களில் 20 சதவீதம். இதை மட்டும் எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அதிகம். நடுவில் விட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 24 சதவீதம். வெளியே வந்தபின் வேலையில் நிலைத்து, சபையோடு தொடர்பில் இருந்தவர்களைத்தான் 'முடித்தவர்' என்று கணக்கில் எடுத்தார்கள். அதனால் இதை விசுவாசத்துக்கு ஆதாரமாக நான் காட்ட மாட்டேன். கேட்டுக்கு வெளியே வேலையும் ஆளும் காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இதில் எனக்குத் தெரிகிறது. இதே பயிற்சி அயோவா மாநிலத்தில் அரசுப் பணத்தில் நடந்தபோது, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2006-இல் நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. சலுகை காட்டி ஒருவனை ஜெபிக்க வைக்கக் கூடாது.

கேள்வி: நாங்களும் சிறைக்குப் போய் ஊழியம் செய்யலாமா?
– வாலிபர் ஐக்கியம், பென்னாகரம்

பதில்: கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். என்ன கேஸ் என்று யாரையும் கேட்காதீர்கள். கடிதம், போன் நம்பர் எதையும் வெளியே கொண்டுவந்து தராதீர்கள். கிறிஸ்துமஸுக்கு கேக்கோடு ஒருநாள் போவதாக இருந்தால் போகவே வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, ஐந்து வருடம் விடாமல் போக முடியுமா என்று முதலில் பேசி முடிவெடுங்கள். விடுதலையாகிற அன்று காலையிலேயே கேட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கையில் ஒரு பையோடு வருபவரைத் தொப்பூர் தாண்டி வீடுவரை கொண்டுவந்து விடுங்கள். போகும்போது சட்டை ஒன்று தைத்து எடுத்துப் போங்கள். அளவை முன்னாடியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனபோது போட்டிருந்த சட்டை பெரும்பாலும் தோளில் சேராது.