எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைப் பொட்டு

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 38. சொத்தைப் பல்லை அடைக்கக் குன்னூர் போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேருக்கடியில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்றார்கள். வலியே இல்லை. புற்றுநோயோ என்று தூக்கம் வரவில்லை டாக்டர். கீழே கோவைக்குப் போய் சதை எடுத்துப் பார்த்துவிடவா?

பதில்: அவசரப்பட்டு மலையிறங்க வேண்டாம் அம்மா. எக்ஸ்ரேயில் வெள்ளை என்றால் அங்கே சுண்ணாம்புச் சத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பல்லின் நரம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல் டாக்டர் பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லில் வைப்பார். சுரீரென்றதும் கையைத் தூக்கச் சொல்வார். பஞ்சை எடுத்ததும் கூச்சம் அடங்கினால் நரம்பு நன்றாக இருக்கிறது. ஒன்றுமே உறைக்காவிட்டாலோ, எடுத்த பிறகும் விண்விண்ணென்று நீடித்தாலோ கெட்டிருக்கிறது. (அதற்கு எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே போதுமே என்பீர்கள். அது வாயில் இருக்கிற எல்லாப் பல்லையும் சேர்த்துக் கூசவைக்கும்!)

உங்களுக்குச் சொத்தை இருப்பதால் என் சந்தேகம் இங்கேதான். நாள்பட்ட சொத்தையின் அழற்சி வேர் வழியாக மெதுவாக இறங்கும்போது, சிலருக்கு எலும்பு கரையாமல் இறுகிக்கொள்ளும். கண்டென்ஸிங் ஆஸ்டியைட்டிஸ் என்போம். ரூட் கெனால் செய்தால் பெரும்பாலும் அந்த வெள்ளை மெல்ல மங்கும். தழும்பு மாதிரி நின்றுவிட்டாலும் தொந்தரவில்லை.

சரி, நரம்பு நன்றாக இருந்தால்? வெள்ளையைச் சுற்றிக் கறுப்பாக மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அநேகமாக எலும்பே அங்கே கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. தோலில் மச்சம் மாதிரி, தொட வேண்டியதில்லை. கோடு இருந்தால் சிமென்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா என்கிற, புற்றுநோய் அல்லாத எலும்பு மாற்றமாக இருக்கலாம். நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். படத்திலேயே அது தெளிவாகத் தெரிந்தால் பயாப்சி, அதாவது நீங்கள் கேட்ட சதை எடுத்துப் பார்ப்பது, வேண்டாம் என்பேன். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது, கீறினால் சீழ் பிடித்து ஆறாமல் இழுக்கும். வேரோடு ஒட்டி வளரும் சிமென்டோபிளாஸ்டோமா கட்டிக்கும் இந்தக் கோடு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வலிக்கும், தாடையைப் புடைக்க வைக்கும், அறுவை சிகிச்சைதான்.

கீழுதடு மரத்துப்போனால், தாடை வீங்கினால், காரணமில்லாமல் பல் ஆடினால் ஒரு நாளும் தள்ளாமல் கோவைக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், எப்போதோ எடுத்த பழைய பல் எக்ஸ்ரே பீரோவில் கிடக்கிறதா என்று தேடுங்கள். அதிலும் இதே பட்டாணி இதே அளவில் இருந்தால் பாதிக் கவலை விட்டது. இல்லாவிட்டால் சொத்தையை முதலில் கவனித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.