துப்பாக்கியும் பேரேடும்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், எஃப்.பி.ஐ. போன்ற மத்தியப் புலனாய்வு அமைப்பில் சேர்வதில் உறுதியாக இருக்கிறாள். அதற்காகக் கல்லூரியில் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ (குற்றவியல் நீதி) எடுக்கப்போகிறாளாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்கிறேன் நான். வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சு., நியூஜெர்சி

அன்புள்ள சு.,

எஃப்.பி.ஐ. முகவராக 23 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டத்தோடு இரண்டாண்டு முழுநேர வேலை அனுபவமும் கேட்பது அவர்களின் நெடுநாள் வழக்கம். ஆகவே பட்டம் வாங்கிய கையோடு அவள் அங்கே நுழைய முடியாது. அந்த இரண்டாண்டு வேறெங்கோ சம்பளம் வாங்கித்தான் ஆக வேண்டும். எந்தப் படிப்பு அதற்கு வழிவிடும் என்று பாருங்கள்.

கிரிமினல் ஜஸ்டிஸை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் கைது, சோதனை, விசாரணை எல்லாம் குவான்டிகோவிலுள்ள எஃப்.பி.ஐ. பயிற்சிக்கூடத்தில் அவர்களே சம்பளம் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள். கணக்குப் பேரேடு படிக்கும் கண்ணைச் சில மாதங்களில் யாரும் தந்துவிட முடியாது. (முப்பது ஆண்டு கணக்கு எழுதியவன் நான்; பாரபட்சம் உண்டு.)

சிகாகோ தாதா அல் கபோன் கதை தெரிந்திருக்கும். 1929 காதலர் தினத்தன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுட்டுக்கொன்றது அவன் கூட்டம் என்று ஊரே பேசியது. அந்த வழக்கில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கபோனைக் கவிழ்த்தவர் வரித்துறைப் புலனாய்வாளர் ஃபிராங்க் வில்சன். எப்போதோ ஒரு சூதாட்ட விடுதியில் பறிமுதல் செய்து, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பேரேடு அவர் கையில் கிடைத்தது. அதிலிருந்த கையெழுத்தை வைத்து எழுதியவரைத் தேடிப் பிடித்துச் சாட்சியாக்கினார். 1931 அக்டோபரில் கபோனுக்கு வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டுச் சிறை. வில்சன் பின்னாளில், அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸின் தலைவரானார்.

வில்சனின் பிரிவுதான் இன்று வருமான வரித்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு. அதன் முகவர்களும் துப்பாக்கி ஏந்துகிறவர்களே. படிப்பின் வழியே அங்கே நுழைவதற்குக் கணக்கியலில் 15 கிரெடிட், நிதி, பொருளியல், வணிகச் சட்டம் போன்றவற்றில் 9 கிரெடிட் கேட்கிறார்கள். எஃப்.பி.ஐ.யும் கணக்காளர்களை, சட்டம் படித்தவர்களை, கணினிக்காரர்களை விரும்பி எடுக்கிறது. நீங்கள் சொல்வதும் தவறில்லை. அவளுக்குக் கணினியில் ருசி இருந்தால்.

படிப்பைவிடப் பலர் இடறி விழுவது பின்னணி விசாரணையில்தான். உங்கள் மாநிலத்தில் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா கடையிலேயே கிடைக்கிறது. மத்தியச் சட்டம் அதை ஏற்பதில்லை. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள் தொட்டிருந்தால் எஃப்.பி.ஐ. கதவு சாத்திவிடும். அதை மறைத்து எழுதினால் இன்னும் மோசம், பொய்யறியும் கருவி உண்டு. மத்திய அரசின் கல்விக் கடனைக் கட்டாமல் கைவிட்டவர்களையும் எடுக்க மாட்டார்கள்.

முதல் பருவத்தில் கணக்கியல் ஒரு பாடம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டாவி வந்தால் எனக்கு எழுதட்டும்.