முகத்தைக் கழுவிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள்

வாசகர் கேள்விகள், சரும மருத்துவர் பதில்கள்

கேள்வி: காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மதியத்துக்குள் முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். அப்படியும் மூக்கில் எண்ணெய், ஆனால் கன்னம் சொரசொரப்பு, வாயோரம் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிகிறது. கடையில் 'ஆயிலி ஸ்கின்' என்று சொல்லி ஒரு ஃபேஸ்வாஷ் கொடுத்தார்கள், இப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. என் சருமம் என்ன வகை?
கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: ஐந்து தடவையா! உங்கள் சருமம் என்ன வகை என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாதும்மா, அதை அதன்பாட்டுக்கு ஒரு மணி நேரம்கூட நீங்கள் விடவில்லையே. முதலில் சோப்பு, ஃபேஸ்வாஷ் இரண்டையும் எடுத்து ஓரம் வையுங்கள். இரண்டு வாரத்துக்குக் காலையில் வெறும் தண்ணீர், இரவில் வாசனை இல்லாத மைல்டான க்ளென்சர், அதன்மேல் சாதாரண மாய்ஸ்சரைசர். வேறு எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, எதையும் பூசாமல், ஃபேனுக்கு நேர் கீழேயும் அடுப்படியிலும் நிற்காமல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று தனித்தனியாக ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்த் திட்டு தெரிந்தால் எண்ணெய்ச் சருமம். எங்குமே இல்லாமல், சிரித்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது என்றால் வறண்ட சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் எண்ணெய் என்றால் கலப்புச் சருமம், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு. எண்ணெயும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் சாதாரணச் சருமம், கொடுத்து வைத்தவர்கள். எதைப் பூசினாலும் சுர்ரென்று எரிந்து சிவக்கும் சருமத்தைச் சென்சிட்டிவ் என்கிறோம், அது மேலே சொன்ன எந்த வகையோடும் சேர்ந்து வரலாம்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. மூக்கில் எண்ணெய் உண்டு, ஆனால் கன்னத்தில் இருப்பது சோப்பு செய்த வேலை. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவு அதற்கு 5-ஐ ஒட்டி இருக்கும், 7-க்கு மேல் போனால் காரம். சாதாரணக் குளியல் சோப்போ 9, 10. ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதைப் போட்டால், தோலுக்குள் ஈரத்தைக் கட்டி வைத்திருக்கும் கொழுப்பு கரைந்து போய்விடும், எரிச்சல் அதனால்தான். எண்ணெய்ச் சுரப்பியை ஆட்டிவைப்பது ஹார்மோன், சோப்புக்கெல்லாம் அது அடங்காது. மதியம் பிசுபிசுத்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், போதும். எரிச்சல் அடங்கிய பிறகு, மூக்கில் கரும்புள்ளி இருந்தால் அங்கே மட்டும் 2% சாலிசிலிக் அமிலம் உள்ள ஜெல்லை வாரம் இரண்டு மூன்று நாள் போட்டுப் பார்க்கலாம். இந்த வகையெல்லாம் ஆயுளுக்கும் நிலையானதும் இல்லை, வயசு, பருவகாலம், கர்ப்பம் எல்லாவற்றுக்கும் மாறும், அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த டிஷ்யூ பரீட்சையைச் செய்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது. மார்கழி வந்தால் முழங்காலுக்குக் கீழே மீன் செதில் மாதிரி ஆகி ராத்திரியெல்லாம் அரிப்பு. வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்து, சுடச்சுட வெந்நீரில் சீயக்காய் போட்டுத்தான் குளிக்கிறேன், எண்ணெய் போட்டும் ஏன் வறட்சி?
ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, தேய்த்த எண்ணெயைச் சீயக்காய் எடுத்துவிடுகிறது, மிச்சம் மீதியைக் கொதிக்கிற வெந்நீர் எடுத்துவிடுகிறது. தலைக்குச் சீயக்காய் போடுங்கள், கால் பக்கம் கொண்டு போகாதீர்கள், அங்கே கொஞ்சம் பயத்தம்மாவு போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை, நான் சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. குளித்து வந்ததும் கால் ஈரம் முழுக்கக் காயும் முன்னால், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடுங்கள். எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், அதனால்தான் குளித்த பிறகு தடவச் சொல்கிறேன். மூன்று வாரத்தில் அரிப்பு அடங்கவில்லை என்றால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

கேள்வி: முட்டை வெள்ளைக்கரு பூசினால் முகம் இறுகுகிறதே, தினமும் பூசலாமா?
வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் ஊர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினார்கள், அது நூறு வருஷம் பளபளவென்று நிற்கிறது. முகத்தில் நிற்காது. காயும்போது இழுத்துப் பிடிக்கும், கழுவினால் போய்விடும். ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருஷமாக ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ரத்தம் கசிகிறது. என் தோலே இப்படித்தானா, வேலையாலா?
தொழிலாளி, ஆத்தங்குடி

பதில்: வேலையால்தான் இருக்கும் அண்ணே. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் செய்கிற கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு நகம் பச்சை, பக்கத்திலிருந்தவருக்குச் செங்காவி. ஈரச் சிமெண்டின் பிஹெச் 12-க்கு மேல், சோப்பெல்லாம் அதற்கு முன்னால் பச்சைக் குழந்தை. அது தோலை அரிக்கும், அது போக சிமெண்டில் உள்ள குரோமியம் சிலருக்கு அலர்ஜியாகி, லேசாகப் பட்டாலும் கொப்புளம் கிளம்பும். எது என்பதை பேட்ச் டெஸ்ட் என்று முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

கையுறை போட்டால் வேலை ஓடாது என்பீர்கள், தெரியும். உள்ளே பருத்தி வைத்த, கையோடு ஒட்டிய ரப்பர் உறையைப் போட்டுப் பழகுங்கள், உறைக்குள் சிமெண்ட் போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள், உள்ளே மாட்டிக்கொண்ட சிமெண்ட் வெறுங்கையைவிட மோசம். சாயம் போக மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவே கூடாது. இரவில் கையை நனைத்து, வாஸ்லின் அப்பி, பழைய பருத்தி உறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். தரை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிற ஊரில், அந்தத் தரையைச் செய்த கை மட்டும் ஏன் காய்ந்து கிடக்க வேண்டும்?

கேள்வி: தை மாதம் கல்யாணம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீம் நாலு மாதமாகப் போடுகிறேன். முதல் மாதம் பளிச்சென்று ஆனேன். இப்போது வெயிலில் போனாலே முகம் சிவந்து எரிகிறது, கன்னத்தில் முடி, தாடையில் பரு. நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது.
மணப்பெண், பள்ளத்தூர்

பதில்: இந்த இதழில் எனக்கு மனசுக்குக் கஷ்டமான கடிதம் இதுதான். சிவப்பு, முடி, பரு, நிறுத்தினால் கொதிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அந்த க்ரீமில் ஸ்டீராய்டு என்கிற வீரியமான மருந்து இருக்கிறது. ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இந்த க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்தும், அழகு க்ரீம் மாதிரி கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்களுக்குப் பழைய சருமம் எண்ணெயா வறட்சியா என்று இப்போது பார்க்கவே வேண்டாம், முதலில் இது சரியாகட்டும். நீங்களாகத் தொடரவும் வேண்டாம், வேறு க்ரீமுக்குத் தாவவும் வேண்டாம், இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாக விடுவிக்க மருந்து உண்டு. அதுவரை மைல்ட் க்ளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் குடை. கல்யாணத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், சிலருக்கு மாதக் கணக்காகும், அதனால் மேக்கப் போடுகிறவரிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அந்த ட்யூபை மட்டும் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அது கையில் இருக்க வேண்டும்.