ஏற்காட்டு அருங்காட்சியக வாசலுக்குச் சாய்தளம்
வணக்கம். ஏற்காட்டின் பழைய காப்பித் தோட்ட வீட்டைக் குழந்தைகள் அருங்காட்சியகமாக மாற்றும் தாங்கள், வாசலின் மூன்று படிகள் மீது பலகை சாய்த்தால் சக்கர நாற்காலி ஏறுமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்வளவு செங்குத்தில் ஏற்றினாலும், இறங்கும்போது கவிழ்ந்துவிடும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே கணக்கு என்பதால், தாங்கள் குறிப்பிட்ட ஒன்றரை அடிக்கு 18 அடிச் சாய்தளமும், இரு முனைகளிலும் நாற்காலி திரும்ப 5 அடிச் சமதளமும், இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். மழைக்குப் பாசி பிடிக்கும் மலையாதலால், தளத்தைச் சொரசொரப்பாகப் பூசச் சொல்லுங்கள்.

உள்ளே, காட்சிப் பொருள்களை அடைக்கும் கண்ணாடிப் பெட்டிகளோ பார்வையற்ற குழந்தைக்கு வெறும் சுவர்தான். காப்பிப் பழம், தோலோடு உலர்ந்த கொட்டை, வறுத்த கொட்டை, சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட் என்னும் கனிமம்) ஆகியவற்றை, நாற்காலியில் வரும் பிள்ளையின் முழங்கால் உள்ளே நுழையும் மேசைமேல் திறந்த தட்டுகளில் வைத்து, பிரெய்லில் பெயர் ஒட்டுங்கள்.