ராஜரத்தினம் பிள்ளையும் பாரி நாகஸ்வரமும்: கேள்வி பதில்

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை, வாசிப்பு, அவர் கையாண்ட வாத்தியம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஐயா, அவர் ஊர் திருவாவடுதுறையா, திருமருகலா? ‘டி.என்.’ என்பது அப்பா பெயரா?

பிறந்தது திருமருகலில், 1898 ஆகஸ்ட் 27. தகப்பனார் குப்புசாமி பிள்ளை. தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை ஆதீன வித்வானாக இருந்தவர். அவர்தான் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ‘டி.என்.’ என்பது திருமருகல் நடேச பிள்ளை என்ற அவர் பெயரால் வந்தது, ‘திருவாவடுதுறை’ என்ற அடைமொழி அந்த ஊர் ஆதீனத்தால் வந்தது.

கேள்வி: முதலில் வாய்ப்பாட்டுதான் கற்றாராமே? வாசிப்பவருக்குப் பாட்டு எதற்கு?

திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டு, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரம். இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் அவருடைய தோடி ராக வாசிப்பு பாதி புரிந்துவிடும். நாகஸ்வரத்தில் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, விரல் மட்டும் தருவதில்லை. துளையை அரையும் காலுமாக மூடுவது ஒன்று, உதடு சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை) கவ்வும் அழுத்தம் இன்னொன்று, மூச்சின் வேகம் மூன்றாவது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்க வேண்டும். விரலைத் தூக்கித் தூக்கிப் போட்டால் அந்த அசைவு துண்டு துண்டாக உடைந்துவிடும். ராகத்தின் எந்தப் பிடியையும் (அதன் சாயலைக் காட்டும் ஸ்வரக் கோப்பையும்) முதலில் வாயால் பாடி, அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதில் ஏற்றிக்கொண்ட பிறகே குழலை எடுங்கள்.

கேள்வி: சார், நாகஸ்வரத்தின் இரண்டு வகைகளான திமிரிக்கும் பாரிக்கும் நீளத்தைத் தவிர என்ன வித்தியாசம்?

சுருதி. திமிரி குட்டை, நாலரை, ஐந்து கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில் பேசும். சுவாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்கும். பாரி நீளம், இரண்டு, இரண்டரைக் கட்டை. சத்தம் கனமாக இருக்கும், மேடையில் மணிக்கணக்கில் ராகம் விரிக்கத் தோதானது. பாரியை மேடையில் நிலைநிறுத்தியவர் பிள்ளைதான். அவருக்காகக் குழல் கடைந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. பழைய குழலில் சுத்த மத்யமம் (‘ம’ ஸ்வரத்தின் கீழ் வகை) தானாகச் சரியாக விழாது, வாசிப்பவர் ஊதலால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆசாரி துளையமைப்பிலேயே அதைத் தீர்த்தார்.

மரம் ஆச்சா. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண்களைத்தான் தேடி வாங்குவார்கள். பச்சை மரத்தில் கடைந்தால் காய்ந்த பிறகு உள்துளை கோணிக்கொள்ளும், ஸ்வர ஸ்தானமும் கூடவே நகர்ந்துவிடும். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் பாரி வாங்கித் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன். விரல் எட்டாது, துளை முழுக்க அடைபடாமல் காற்று கசியும், பையன் தனக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

கேள்வி: என் மகனுக்குச் சில நாள் கிறீச்சென்று கத்துகிறது, சில நாள் ஊதவே வரவில்லை. குழல் கெட்டுவிட்டதா?

குழலைச் சந்தேகப்படும் முன் சீவாளியைப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உலர்ந்த சீவாளியை அப்படியே ஊதினால் கத்தும், ஓரத்தில் கீறலும் விழும். வாயில் வைத்து நன்றாக நனைத்து, நுனி இளகிய பிறகு ஊதச் சொல்லுங்கள். பிறகு சீவாளியை வெளிச்சத்தில் பிடித்து அதன் வாயைக் கவனியுங்கள். அகலமாகத் திறந்திருந்தால் மூச்சு நிறையப் போகும், சுருதியும் இறங்கும். நனைந்திருக்கும்போது விரலால் மெதுவாக அழுத்திக் கொடுக்கலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும், அதற்குத்தான் வாத்தியத்திலேயே ஊசி தொங்குகிறது, அதை உள்ளே விட்டு இலேசாகத் திறக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் கத்தினால், சீவாளி கெண்டையில் (சீவாளியைச் செருகும் உலோகக் குழாயில்) இறுக்கமாக உட்காரவில்லை, நூல்கட்டு தளர்ந்திருக்கிறது. ஓரம் கீறிய சீவாளிக்கு வைத்தியம் கிடையாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சுருதிப் பெட்டியோடு சேர மாட்டேன் என்கிறது. கீழே இருக்கும் துளைகளை என்ன செய்வது?

விரல் துளை ஏழு. அதற்குக் கீழே இருக்கும் ஐந்தும் பிரம்மஸ்வரம். தேவைக்கேற்ப மெழுகை வைத்தும் எடுத்தும் சுருதி சேர்ப்பதற்காக விட்டவை. ஆனால் முதலில் கெண்டையைப் பாருங்கள்: உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். அதற்கும் மிஞ்சினால்தான் மெழுகு, அதுவும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. கத்தியால் துளையைச் சுரண்டுகிறவர்கள் உண்டு. சுரண்டிய மரம் திரும்பி வராது.

கேள்வி: ராஜரத்தினம் பிள்ளைக்குச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்களா?

இல்லை. நாகஸ்வரத்தில் 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும், 1998இல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் அந்த விருது கிடைத்தது. 1956 டிசம்பரில் ராஜரத்தினம் பிள்ளை காலமானார்.

கேள்வி: சினிமாவில் நடித்தாரா?

ஆமாம், 1940இல் வந்த ‘காளமேகம்’. இயக்கியவர் எல்லிஸ் டங்கன்.

கேள்வி: அண்ணா, இந்தக் காலத்தில் இதையே தொழிலாக எடுத்தால் பிழைக்க முடியுமா? எங்கே சேர்வது?

முடியும். ஆனால் வருமானத்தில் பெரும்பங்கு முகூர்த்த மாதங்களில்தான் வரும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரம், தவில் இரண்டுக்கும் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. கல்யாணத்துக்கு மட்டும் வாசித்துப் பழகினால் சினிமாப் பாட்டும் கெட்டிமேளமும் போதும் என்று தோன்றிவிடும். கோயில் வாசிப்புக்கு அது உதவாது. கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி (சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் உருப்படி) மூன்று காலமும், அதாவது மூன்று வேகத்திலும் வர வேண்டும். தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று இருக்கிறது. கூட வாசிக்கும் தவில்காரரையும் அடிக்கடி மாற்றாதீர்கள், கோர்வை (தாளக் கணக்கோடு முடிக்கும் பகுதி) எங்கே எடுக்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வானொலியின் வாசிப்புத் தேர்வுக்கும் போய்விடுங்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். சபாக்காரர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். தேர்வன்றைக்குப் புதுச் சீவாளியை நம்பிப் போகாதீர்கள். சில நாள் ஊதிப் பழகிய ஒன்றும், அதே மாதிரி பழகிய இரண்டு மாற்றுச் சீவாளிகளும் கையில் இருக்கட்டும்.